கவுன்சலிங் என்றால் எந்த கவுன்சலிங்?

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அது பொறியியல் கல்லூரியில் இடம் எடுப்பது. அரசுப் பள்ளி ஆசிரியர் வீட்டில் அது இடமாறுதல். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் அது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, 'இனிமே ஒழுங்கா இருப்போம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது. நான்காவதாக ஒரு பொருள் இருக்கிறது. உறவில் சிக்கல் வந்த இருவர், பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. இந்த நான்காவதுதான் நம் ஊரில் அதிகம் பேசப்படுகிறது, குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

அதனால்தான், "கவுன்சலிங் எல்லாம் போய்ப் பார்த்தாச்சு, ஒண்ணும் சரிப்படலை" என்று யாராவது சொன்னால், எங்கே போனீர்கள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பதில் காவல் நிலையமாகவோ குடும்ப நீதிமன்றமாகவோ இருக்கும். அங்கே நடந்ததும் ஒருவகைப் பேச்சுதான். ஆனால் அதன் வேலை வேறு.

கணவன் மனைவிக்கு இடையில் மூன்றாம் ஆள் வருவது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியம் கற்பியலில், ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவனுக்காகப் பேசப் போகிறவர்களை 'வாயில்கள்' என்று சொல்லிப் 12 பேரைப் பட்டியல் போடுகிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர் என்று போகிற பட்டியலின் கடைசி ஆள் 'கண்டோர்'. அதாவது சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர். இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் 'நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதம்மா' என்று ஆரம்பிக்கும்போது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வரும். அந்த வாயில்கள் நடுநிலைக்காரர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய வேலை அவள் கோபத்தைத் தணிப்பது. அவள் எதற்காகக் கோபப்பட்டாள் என்பதை அவனுக்குப் புரியவைப்பது அவர்கள் கணக்கில் பெரிதாக வரவில்லை.

இப்போதைய பாதை இன்னும் நீளம். முதலில் தாய்மாமா, சித்தப்பா. அப்புறம் சம்பந்திகள் கூடும் பேச்சுவார்த்தை. அங்கே முடியாவிட்டால் ஊர்ப் பெரியவர், சங்கத்துக்காரர், ஜமாத், பங்குத்தந்தை, சில ஊர்களில் கட்சிக்காரர். அடுத்து காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் 200க்கும் மேல் இருக்கின்றன. அங்கே மனு கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், எதிர்த்தரப்பை வரச்சொல்லிப் பேசுவார்கள். இதற்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, திருமணத் தகராறுகளில் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று ஒரு விலக்கையும் வைத்தது. அந்த விசாரணைக்குள் புத்திமதியும் சேர்ந்துகொள்ள, மொத்தத்துக்கும் கவுன்சலிங் என்று பெயர் வந்துவிட்டது.

கடைசி நிறுத்தம் குடும்ப நீதிமன்றம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வாய்ப்பு இருக்கும் இடத்தில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. அதற்காகவே ஆலோசகர்களை வைத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழி உண்டு. பரஸ்பர சம்மத விவாகரத்தைக் கொண்டுவந்த, இந்து திருமணச் சட்டத்தின் 1976 திருத்தம், மனு போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்கச் சொன்னது. இடையில் மனம் மாறலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். இந்தக் காத்திருப்பு எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. மீளவே முடியாதபடி முறிந்துபோன திருமணத்தைத் தன் தனி அதிகாரத்தால் நேரடியாகவே முடித்துவைக்கலாம் என்று 2023இல் சொன்னது. வெறும் நாள் கடந்தால் மனம் மாறிவிடாது என்பதை நீதிமன்றமே பார்த்துவிட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இந்த எல்லா வாசல்களிலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். யார் மேல் தப்பு? யார் விட்டுக்கொடுப்பது? சேர்ந்து இருக்கிறீர்களா, பிரிகிறீர்களா? கேள்வி அப்படி இருக்கும்போது, வருகிற இருவரும் வழக்கைத் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், பதிவு செய்த போன் பேச்சு இருக்கும். துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நோக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் தன் பேச்சு பதிவாகிறதோ என்று சந்தேகப்படும் ஒருவர், 'ஆமாம், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று எப்படிச் சொல்வார்? கவுன்சலிங்குக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தேவை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு வருகிற தம்பதியிடம் அது கிடைப்பதில்லை.

சரி, அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கற்பனைத் தம்பதிதான். ஆனால் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். திருப்பூர். குமார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செல்வி வீட்டில் இருக்கிறாள், 4 வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வைத்திருந்த சீட்டுப் பணத்திலிருந்து 15,000 ரூபாயைக் குமார் தன் தங்கை வளைகாப்புக்குக் கொடுத்துவிட்டான். செல்விக்கு இது தெரியவந்தது, விசேஷ வீட்டில் தங்கை வீட்டுக்காரர் வந்து நன்றி சொன்னபோது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கிறது. "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" "என் தங்கச்சிக்குக் குடுக்க நான் யாரைக் கேக்கணும்?" "உங்க வீட்டாளுங்களே இப்படித்தான்." குமார் பைக் சாவியை எடுக்கிறான். செல்வி வாசல்வரை வந்து, 'பதில் சொல்லிட்டுப் போங்க' என்கிறாள். அவன் போய்விடுகிறான். அவள் 11 முறை போன் அடிக்கிறாள். அவன் எடுக்கவில்லை. நடு இரவில் வருகிறான். அடுத்த 3 நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு' என்று குழந்தை வழியாகத் தபால் போகிறது.

இதைப் பெரியவர்களிடம் கொண்டுபோனால் ஒரு தீர்ப்பு கிடைக்கும். கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும், இனிமேல் சொல்லிவிட்டுக் கொடு, நீயும் சபையில் வைத்துப் பேசாதே. மோசமான தீர்ப்பு இல்லை. பஞ்சாயத்தை இளக்காரமாகப் பேசும் ஆள் நான் இல்லை. தனிக்குடித்தனம் வைக்க வேண்டும், நகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாமியார் சமையலில் தலையிடக் கூடாது என்பதுபோன்ற விஷயங்களில் பெரியவர்களின் சொல்லுக்கு இருக்கும் எடை எந்த ஆலோசகருக்கும் கிடையாது. ஆனால் அடுத்த மாதம் வேறொரு விஷயத்தில் இதே சண்டை வரும். அப்போதும் பைக் சாவி, அப்போதும் 11 போன்.

ஆலோசகர் 15,000 ரூபாய் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் அமர்வில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார். பிறகு அநேகமாக ஒவ்வொருவரையும் தனியாக ஒருமுறை. தனியாகச் சொல்வதில் எதை மற்றவரிடம் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிவிடுவார். அப்படித் தெளிவாக்காதவரிடம் நானாக இருந்தால் இரண்டாம் முறை போக மாட்டேன். அதற்கப்புறம் அவர் பிடித்துக்கொள்வது பணத்தை இல்லை, பைக் சாவியை. 'அவர் சாவியை எடுத்தப்போ உங்களுக்குள்ள என்ன ஆச்சு?' செல்வி முதலில் கோபம் என்பாள். அங்கேயே நின்று மெதுவாகக் கேட்டால், 'நான் ஒரு ஆளே இல்லைன்னு தோணுச்சு' என்பாள். குமாரிடம் கேட்டால், 'என்ன சொன்னாலும் தப்பாப் போகுது சார். வெளிய போயிட்டா பெருசாகாதுன்னு நினைச்சேன்' என்பான். அவள் துரத்துவது அவன் விலகுவதால். அவன் விலகுவது அவள் துரத்துவதால். ஆரம்பித்தது மற்றவர்தான் என்று இருவருமே நம்புகிறார்கள்.

இந்தத் துரத்தல் - விலகல் சுழலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன். இருவரில் எவருக்கு மாற்றம் தேவைப்படுகிறதோ அவர் துரத்துகிறார், நிலைமை அப்படியே இருந்தால் போதும் என்கிறவர் விலகுகிறார் என்பது அவருடைய ஆய்வுகளில் வந்த கவனிப்பு. வீட்டு வேலையும் குழந்தையும் பெண் தலையில் இருக்கும் வீடுகளில் துரத்துகிறவள் ஏன் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. 'பொம்பளைன்னா நச்சரிக்கத்தான் செய்வா' என்ற விளக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய முறை இதே சுழலை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. தாயிடம் குழந்தைக்கு இருக்கும் பற்றுதலைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை, வளர்ந்தவர்களின் காதல் உறவுக்கும் பொருத்தலாம் என்று 1987இல் ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஜான்சன் அதையே சிகிச்சையின் அடித்தளமாக்கினார். சண்டையின் அடியில் இருப்பது 'நான் கூப்பிட்டால் நீ வருவாயா' என்ற பயம். கோபம் அந்தப் பயம் போட்டுக்கொண்ட சட்டை. செல்வியின் 11 போன்களை அப்படிப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. அதைக் குமாரே பார்க்கும்படி செய்வதுதான் அந்த அறையில் நடக்கும் வேலை. ஒரு நாளில் நடக்காது. நாலைந்து அமர்வு கழித்து ஒரு நாள் குமார், 'எனக்கு இப்போ வெளிய போகணும்போல இருக்கு, அரை மணி நேரத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தால், பாதி தூரம் வந்தாயிற்று. சாவி அதேதான், போகிற இடமும் அதே டீக்கடைதான். சொல்லிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அரை மணி நேரம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் காட்மன், தம்பதிகளைச் சண்டைக்குரிய ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லி, கேமராவில் பதிந்து, நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார். நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் அனுபவம். 'வாய்க்கு வந்ததைப் பேசினான்' என்று நாம் சொல்வது அந்த நிலையைத்தான். உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களையும் அவர் அடையாளம் காட்டினார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கும் தன் பக்க நியாயம் பேசுவது, சுவர்போல் மௌனமாகிவிடுவது. நான்கில் ஆபத்தானது இளக்காரம் என்றார்.

நம் வீடுகளில் இளக்காரம் இரண்டு பேரோடு நிற்பதில்லை என்பதை இங்கே சேர்க்கத் தோன்றுகிறது. 'உங்க பரம்பரையே அப்படித்தானே', 'உன் வளர்ப்பு லட்சணம் தெரியாதா' என்று அது மேலே ஏறி, செத்துப்போன தாத்தாவரைக்கும் போகும். குமாரைத் திட்டினால் குமார் தாங்குவான். அம்மாவை இழுத்ததும் அந்தச் சண்டை வேறு சண்டையாகிவிடுகிறது. தமிழ்த் தம்பதிகளோடு வேலை செய்கிறவர் முதலில் வைக்க வேண்டிய விதி, இந்த ஒரு மணி நேரத்தில் யார் வீட்டாரையும் இழுக்கக் கூடாது என்பதாகத்தான் இருக்கும்.

காட்மன் ஆய்வுகளிலிருந்து இன்னொரு எண்ணும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. தம்பதிகளின் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராதவை, ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடர்பவை. நல்லபடி வாழ்கிறவர்கள் அவற்றைத் தீர்ப்பதில்லை, அவற்றைப் பற்றிக் காயப்படாமல் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். இது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. எந்தத் தம்பதி பிரியும் என்று 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணிக்க முடியும் என்று பரவிய செய்தியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முடிவு தெரிந்த தம்பதிகளின் தரவை வைத்தே சூத்திரத்தை அமைத்துவிட்டு, அதே தரவில் சோதித்துப் பார்த்தால் கணிப்பு அழகாகத்தான் வரும் என்று மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் அதிசயம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டிலிலும் கிறிஸ்டென்சன் குழுவினர் கடுமையான சிக்கலில் இருந்த 134 தம்பதிகளுக்கு அதிகபட்சம் 26 அமர்வுகள் கொடுத்து, 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ பாதித் தம்பதிகள் 5 ஆண்டுக்குப் பிறகும் தெளிவான முன்னேற்றத்தில் இருந்தார்கள். நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் பிரிந்துவிட்டார்கள். நூறு சதவீதத் தீர்வு என்று போர்டு வைத்திருப்பவரிடம் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

மேற்கில் உருவான இந்த முறைகளுக்கு அறையில் இரண்டு நாற்காலி போதும். இங்கே கல்யாணம் இரண்டு பேர் விவகாரம் இல்லை. குறைந்தது ஆறு பேர் இருக்கிறார்கள், நாத்தனாரைச் சேர்க்காமல். மாமியாரை ஓர் அமர்வுக்கு அழைப்பதா வேண்டாமா என்பதே இங்கே பெரிய தொழில்முறை முடிவு. இதில் இந்திய மனநல மருத்துவத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். மேற்கில் குடும்பத்தைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் உறவினர் கூடவே தங்கும் வழியில்தான் வளர்ந்தது. குடும்பத்தைப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் மருந்தின் ஒரு பகுதியாகப் பார்க்கும் பழக்கம் இங்கே முதலிலிருந்தே இருந்தது. மாமியாரிடம், 'அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கும்போது நீங்க சமையல்கட்டுலயே இருங்கம்மா, அதுவே பெரிய உதவி' என்று ஆலோசகர் சொன்னால் பல நேரம் எடுபடும். அதையே மருமகள் சொன்னால் அது தனிச் சண்டை.

பேச்சுக்கு வராத விஷயம் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகியும் உடலுறவு நடக்காத தம்பதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். 'விசேஷம் உண்டா' என்று ஊரே கேட்கும்போது அவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் ரகசியமாகப் போவது, மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கும் வைத்தியரிடம். அவளைக் கூட்டிப்போவது கோயிலுக்கு. இரண்டுமே தேவையில்லை. பதற்றத்தால் வரும் விறைப்புக் குறைபாடும், பெண்ணின் தசைகள் தன்னிச்சையாக இறுகிவிடுவதும் நன்றாகச் சரியாகக்கூடியவை. உறவு கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியையே கொஞ்ச காலம் எடுத்துவிட்டு, வெறும் தொடுதலிலிருந்து படிப்படியாகத் தொடங்கும் பயிற்சியை அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

சண்டைபோல் தெரியும் எல்லாமே சண்டை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து சில மாதங்களாக எதிலும் ஒட்டாமல், அழுதுகொண்டு, எரிந்து விழும் மனைவிக்கு இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மனைவி காய்கறி வாங்கப் போனாலும் பின்தொடர்ந்து, போனைச் சோதித்து, புடவையை முகர்ந்து பார்க்கும் கணவனின் சந்தேகம் சில நேரம் நோயே. பல ஆண்டுக் குடியோடு சேர்ந்து வரும் இந்தச் சந்தேக நோய்க்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும். 'நான் அப்படிப்பட்டவ இல்லை' என்று அவள் எத்தனை சத்தியம் செய்தாலும் குறையாது. கை ஓங்கும் ஆபத்தும் இதில் அதிகம். குடியே பிரச்சினை என்றால் அதற்கான சிகிச்சைதான் முதலில். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிக்கிறவரோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்தது. குடிக்கிறவர் நிறுத்திய பிறகும் வீட்டில் பழைய பயம் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அடி விழும் வீட்டுக்கு இந்த இரண்டு நாற்காலி முறை பொருந்தாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கும்போது அவள் எதை வாய்விட்டுச் சொல்வாள்? சொன்னால் அதற்கான பதில் வீட்டில் கிடைக்கும். 'நீங்களும் கொஞ்சம் தூண்டாம இருக்கலாமே' என்று ஆலோசகர் சமன்செய்யப் பார்த்தால், அடித்ததற்குப் பாதிப் பங்கு அவளுக்குப் போய்விடுகிறது. கிறிஸ்டென்சனின் ஆய்விலும் கடும் வன்முறை இருந்த தம்பதிகளைச் சேர்க்கவில்லை. நம் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கவுன்சலிங்குக்கு இடம் உண்டு. ஆனால் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் பேச்சு அந்த கவுன்சலிங்கில் வரக் கூடாது என்று 2006இல் வந்த விதிகளே சொல்கின்றன. இந்த விதியை ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கலாம். இந்த நிலையில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. தன் மனதுக்கு ஆதரவு வேண்டுமென்றால் அவள் தனியாக ஆலோசகரைப் பார்க்கலாம். இருவராகப் போக வேண்டியதில்லை.

வன்முறை இல்லாத வீட்டிலும் ஒருவர் மட்டும் போவது வீண் இல்லை. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று மற்றவர் வர மறுப்பார். 1794இலிருந்து இயங்கும் மனநல மருத்துவமனையின் இடப்பெயரான 'கீழ்ப்பாக்கம்' என்பதையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிற ஊரில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். சுழலில் ஒருவர் தன் காலடியை மாற்றினால் மற்றவரால் பழைய காலடியையே வைக்க முடிவதில்லை. செல்வி மட்டும் போய், 11 போனுக்குப் பதிலாக ஒரே ஒரு செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டாலும், குமாருக்குத் திரும்பி வருவது எளிதாகிறது. இரண்டு மாதம் கழித்து 'அங்க என்னதான் பேசறீங்க' என்று கூடவே வந்துவிடும் கணவர்களும் உண்டு.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மேல்படிப்பு முடித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்பட மாட்டார். மனநலச் சமூகப் பணியாளர்கள் குடும்பத்தோடு வேலை செய்வதிலேயே தனிப் பயிற்சி பெற்றவர்கள். இவை தவிர, சில வாரச் சான்றிதழோடு 'ஃபேமிலி கவுன்சலர்' என்று போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஜாதகம் கேட்கிறவர், முதல் அமர்விலேயே யார் மேல் தப்பு என்று சொல்லிவிடுகிறவர், 'ஒரு குழந்தை பெத்துக்கோங்க, சரியாயிடும்' என்கிறவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம்.

தனியார் கட்டணம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசக் கிடைக்காது. ஆனால் இது நோயா சிக்கலா என்று பிரித்துச் சொல்லும் கண் அங்கே உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 எண்ணில், 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில், தமிழில் கட்டணமில்லாமல் பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், தற்கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு, 31.7 சதவீதம். திருமணம் தொடர்பான பிரச்சினைகள் அதில் சேராமல் தனியாக 4.8 சதவீதம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிட்டவர், உறவைச் சரிசெய்வதைப் பற்றி யோசிக்கும் முன் இந்த எண்களில் ஒன்றை அழைக்க வேண்டும். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது.

அப்புறம், பிரிவதென்று முடிவான தம்பதிக்கும் கவுன்சலிங்கில் வேலை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. குழந்தை இருந்தால் கணவன் மனைவி என்ற உறவு முடிந்தாலும் அப்பா அம்மா என்ற வேலை முடிவதில்லை. நீதிமன்ற உத்தரவில் சனிக்கிழமை 10 மணி முதல் 1 மணி வரை அப்பா பார்க்கலாம் என்று இருக்கும். காலையில் எழுந்ததும் குழந்தையிடம் என்ன சொல்லிக் கிளப்புவது என்று அதில் இருக்காது. நல்ல ஆலோசகர் அந்தச் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு உட்காருவார். குழந்தை வீட்டுக்கு வந்ததும் 'அங்க யார் யார் இருந்தாங்க' என்று கேட்காமல் இருக்க முடியுமா? இருமல் மருந்தை எந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையிடம் சொல்லி அனுப்பாமல், நேராக அவருக்கே ஒரு வரி அனுப்ப முடியுமா? அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது என்று முடிவுசெய்யவே சில தம்பதிகளுக்கு இரண்டு அமர்வு பிடிக்கிறது.